மார்கழி வெயில் எங்கே அடிக்கிறது? டெல்லியிலிருந்து கட்ச் வரை

ஜனவரி 7, டெல்லி

சூரியனைப் பார்த்து நாளாகிவிட்டது. காலை பத்து மணிக்கும் எதிர்வீட்டு மாடி தெரியவில்லை. பகலில் 13 டிகிரி, இரவில் 7 டிகிரி. கணக்குப் பார்த்தால் பெரிய குளிரே இல்லை. ஆனால் பகல் முழுக்க வெயில் தலைகாட்டாத 13 டிகிரி எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. வானிலைத் துறை இப்படிப்பட்ட நாளைக் ‘குளிர் பகல்’ என்று தனியாகவே கணக்கில் வைக்கிறது.

அப்பா தூத்துக்குடியிலிருந்து என்னோடு தங்க வந்திருக்கிறார். உப்பளத்தில் கணக்கு எழுதியே ஓய்வு பெற்றவர். வெயிலைப் பார்த்தே பிழைத்த மனிதர் போர்வைக்குள் முடங்கிக் கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. “ஊருக்கே போயிருதேன்மா” என்று நேற்று ஆரம்பித்தார். ஊரிலும் இப்போதுதான் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கிறது, வானம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. சரி, இந்த மாதத்தில் இந்தியாவில் நல்ல வெயில் எங்கே அடிக்கிறதோ அங்கே போய்விடலாம் என்று முடிவு செய்தேன். வரைபடத்தை விரித்தால் பதில் மேற்கே இருக்கிறது: ராஜஸ்தானின் மேற்குப் பாதி, அதற்குக் கீழே குஜராத்தின் கட்ச்.

காரணம் காற்றில் இருக்கிறது. குளிர்காலத்தில் நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வறண்ட காற்று வீசுகிறது. அதில் ஒரு பகுதி வங்காள விரிகுடாவைக் கடந்து, ஈரத்தை அள்ளிக்கொண்டு தமிழ்நாட்டுக்கு மழையாக வருகிறது. கட்சுக்குப் போகும் காற்று கடலையே தொடாமல் தரை வழியாக வருவதால் மேகம் திரள அதில் ஈரம் இல்லை. பஞ்சாபிலிருந்து பீகார் வரைக்குமான சிந்து-கங்கைச் சமவெளியில் கதை வேறு. அங்கே பாசனம் பாய்ந்த ஈர வயல்கள், அசையாத காற்று, நீண்ட இரவு, போதாததற்குப் புகையும் தூசியும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து மூடுபனியாகிறது. அந்தப் பனி வெயிலைத் தரைக்கு விடாததால் தரை சூடாவதில்லை, தரை சூடாகாததால் பனியும் கலைவதில்லை. இத்தனைக்கும் அந்தப் போர்வையின் உயரம் சில நூறு மீட்டர்தான். அதற்கு மேலே நல்ல வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது!

நாளை பகல் ரயிலில் ஜெய்ப்பூர். இந்த மாதத்தில் யாராவது இந்தப் பக்கம் கிளம்பினால், விடியற்காலை விமானத்தையும் ரயிலையும் தவிர்த்துவிடுங்கள்.

ஜனவரி 8, ஜெய்ப்பூர்

ரயில் ஆல்வார் தாண்டியதும் ஜன்னலில் மஞ்சளாக ஏதோ விழுந்தது. கடுகு வயல் என்று முதலில் நினைத்தேன், அப்புறம் பார்த்தால் வயல்மேல் விழுந்த வெயில். அப்பா ஷட்டரை முழுக்க ஏற்றிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஊரில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போனோம், ஜந்தர் மந்தர். இரண்டாம் ஜெய்சிங் மன்னர் 18-ஆம் நூற்றாண்டில் கட்டியது. 27 மீட்டர் உயரச் சாம்ராட் யந்திரத்தின் நிழல் நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம், நொடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது நாடிவலய யந்திரம். வடக்கே ஒரு வட்டமுகம், தெற்கே ஒரு வட்டமுகம். மார்ச் முதல் செப்டம்பர் வரை வடக்கு முகத்தில் வெயில், மீதி ஆறு மாதம் தெற்கு முகத்தில். நாங்கள் போனபோது வடக்கு முகம் நிழலில் கிடந்தது, தெற்கு முகத்தில் பகல் வெயில் தகதகத்தது. குளிர்காலத்தில் வீட்டின் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதை வட இந்தியாவில் யாரும் யந்திரம் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. எந்தத் தெருவிலும் தெற்குப் பார்த்த திண்ணையில்தான் கூட்டம்.

சாயங்காலமே இங்கும் மெல்லிய பனிப்படலம் வந்துவிட்டது. இன்னும் மேற்கே போக வேண்டும்.

ஜனவரி 10, பலோடி – கீச்சன்

ஜோத்பூரில் ஒரு இரவு தங்கினோம். கோட்டைக்குப் போகாமல் வந்துவிட்டோம், அதற்கு இன்னொரு முறை வந்தால் போயிற்று.

பலோடி என்ற பேரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2016 மே 19 அன்று 51 டிகிரி வெயில் பதிவாகி நாடு முழுக்கச் செய்தியான ஊர். அதே ஊரில் இன்று காலை ஆறரைக்கு 6 டிகிரி. வாயைத் திறந்தால் புகை வருகிறது. ஆனால் வானத்தில் ஒரு துணுக்கு மேகம்கூட இல்லை. ஈரமில்லாத காற்றும் மணலும் ராத்திரியில் சூட்டைத் தக்கவைப்பதில்லை. மேகமும் இல்லாததால் தரையின் சூடு நேராக வானத்துக்குப் போய்விடுகிறது. பாலைவனத்தில் பகல் வெயிலும் இரவுக் குளிரும் ஒரே காரணத்தால் வருகிற இரட்டைப் பிள்ளைகள். வெயில் ஊர்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் வந்துவிடாதீர்கள்.

பலோடிக்குப் பக்கத்திலேயே கீச்சன் கிராமம். நம்மைப் போலவே குளிரிலிருந்து தப்பி வெயில் தேடி வருகிறவர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். குர்ஜா என்று உள்ளூரில் சொல்லும் பறவைகள். கொக்கு மாதிரி நெடுங்கால், சாம்பல் உடம்பு, கறுத்த கழுத்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு வெள்ளை இறகுக் கற்றை. மங்கோலியா, மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து செப்டம்பர் வாக்கில் வந்து மார்ச் வரை தங்குகின்றன. ஊர்க்காரர்கள், முக்கியமாக ஜைனக் குடும்பங்கள், வேலி போட்ட ஒரு திடலில் தினமும் தானியம் இறைக்கிறார்கள். இந்த வழக்கம் பல தலைமுறையாக நடக்கிறது. 2025 ஜூனில் கீச்சன் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்திருக்கிறது.

வெயில் ஏற ஏற அவை கூட்டம் கூட்டமாக இறங்கின. முதலில் ஊருக்கு மேலே வட்டமிட்டுக் கூவுகின்றன, அப்புறம் ஒரு கூட்டம் கால்களைத் தொங்கவிட்டு இறங்க, அடுத்த கூட்டம் அதற்காகக் காத்திருக்கிறது. மொட்டை மாடியில் நின்று பார்த்தோம். வீட்டுக்காரப் பாட்டி அப்பாவுக்குச் சாயா கொடுத்துவிட்டு, வெயில் விழுகிற இடத்துக்குக் கட்டிலை இழுத்துப் போட்டார். “பைட்டோ, பாய்சா” என்று உட்காரச் சொன்னார். இங்கே விருந்தாளிக்கு முதல் மரியாதை வெயில்தான்.

மத்தியானம் பட்லா சூரிய மின்பூங்கா பக்கம் போனோம். உள்ளே விடமாட்டார்கள், சாலையிலிருந்து பார்க்கலாம். 14,000 ஏக்கரில் சூரிய மின்தகடுகள், 2,245 மெகாவாட். தகடுகளைத் துடைப்பதற்குத் தண்ணீர் இல்லாத ஊர் என்பதால், தண்ணீரே இல்லாமல் துடைக்கும் இயந்திரங்கள் ராத்திரியில் வரிசையாக ஓடுகின்றன என்று டிரைவர் சொன்னார். இவ்வளவு நிலமும் மேய்ச்சல் நிலமாக இருந்தது என்றும் அவரே சொன்னார். ஆடு மேய்ப்பவர்கள் இப்போது சுற்றிக்கொண்டு போகிறார்கள். வெயில் இருக்கிற இடமெல்லாம் வெறும் இடம் என்று நினைப்பது தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜனவரி 11, ஜெய்சல்மேர்

எதிர்பார்த்து வந்த ஊரில் மேகம்! காலையில் ஜன்னலைத் திறந்ததும் வானம் சாம்பல் நிறம். மத்தியானம் தூறல்.

இதற்கும் காரணம் உண்டு. குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகும் காற்றுச் சுழல்கள் ஈரான், பாகிஸ்தான் வழியாக வந்து வட இந்தியாவைக் கடக்கின்றன. காஷ்மீரில் பனி கொட்டுவதும் பஞ்சாபில் கோதுமைக்கு மழை கிடைப்பதும் இவற்றால்தான். அவற்றின் வால் பகுதி சில சமயம் ராஜஸ்தான் வரை தொடுகிறது. இந்தத் தூறலை இங்கே ‘மாவட்’ என்கிறார்கள். கோதுமைக்கும் கடுகுக்கும் கொண்டைக்கடலைக்கும் இது அமிர்தம். ஆனால் ஹோட்டலில் வேலை பார்க்கும் பையனின் முகம் வாடியிருந்தது. அவர்கள் வீட்டில் சீரகம் போட்டிருக்கிறார்கள். சீரகம் பூக்கும் சமயம் மேகம் நின்றுவிட்டால் கருகல் நோய் விழும், சில நாளில் வயலே கறுத்துப்போகும். நம் ரசத்தில் விழுகிற சீரகத்தில் பெரும்பகுதி ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வருவதற்கு இந்த வறண்ட குளிர்கால வெயில்தான் காரணம். அவனுக்காகவாவது மேகம் கலைய வேண்டும் என்று அப்பா நிஜமாகவே கவலைப்பட்டார். உப்பளத்திலும் இதே கதைதான். உப்பு விளைந்திருக்கும்போது ஒரு மழை வந்தால் போச்சு.

கோட்டை 1156-இல் ராவல் ஜைசல் கட்டியது. இன்னும் உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன. சந்துகள் மிகக் குறுகல், கோடை வெயில் தரையைத் தொடக்கூடாது என்றே கட்டியிருக்கிறார்கள். மஞ்சள் கல் வெயில் பட்டால் பொன்னாக மின்னும் என்று படங்களில் பார்த்திருந்தோம். இன்று அது மண் நிறத்தில் இருந்தது. அதுவும் ஒரு அழகுதான், ஆனால் நாங்கள் வந்தது அதற்கில்லை.

ஜெய்சல்மேரில் ஜனவரிப் பகல் சராசரியாக 24 டிகிரி, நல்ல வெயில் ஊர்தான். மாதத்தில் பெரும்பாலான நாள் வானம் தெளிவாக இருக்கும். ஆனாலும் மேற்கிலிருந்து வரும் இந்தச் சுழல்களின் வழியை ஒட்டி இருக்கிறது. இன்னும் தெற்கே இறங்கினால் அவை எட்டுவது அரிது. நாளை ராத்திரி பஸ்ஸில் பார்மேர், சாஞ்சோர் வழியாகப் புஜ் போகிறோம்.

ஜனவரி 13, புஜ் – வெள்ளை ரண்

விடியும்போது பஸ் ஜன்னலுக்கு வெளியே ஒரே நீலம். மேகம் வடக்கே எங்கோ நின்றுவிட்டது.

புஜ்ஜில் ஏழு மணி தாண்டியும் இருட்டாக இருந்ததைப் பார்த்து அப்பா கடிகாரத்தைத் தட்டினார். நம் நாட்டு நேரம் கிழக்கே மிர்சாபூர் அருகே போகும் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கட்ச் மேற்குக் கோடியில் இருப்பதால் சூரியன் இங்கே முக்கால் மணி நேரத்துக்கும் மேல் பிந்தி வருகிறான். காலை ஏழரை வாக்கில் உதயம், அதற்கு ஈடாக மாலை ஆறரை வரை வெளிச்சம். டெல்லியில் ஆறு மணிக்கெல்லாம் விளக்குப் போடுகிற ஆட்களுக்கு இந்த மாலை வெயில் பெரிய வரம்.

வெள்ளை ரண் என்ற உப்புச் சமவெளியைப் பார்க்கத் தோர்டோவுக்குப் போகிற சாலையில் கடகரேகை குறுக்கே போகிறது, பலகை வைத்திருக்கிறார்கள். போகிற வழியில் பன்னி என்ற புல்வெளிப் பகுதியின் கிராமங்களில் நேரம் எடுத்துக்கொண்டோம், பலகைக்குத் திரும்பி வந்தபோது மணி ஏறக்குறைய ஒன்று. இந்த ஊரில் அதுதான் உண்மையான உச்சி. அந்த நேரத்தில் இந்த ரேகையில் நின்றால், ஜனவரி நடுவில் உங்கள் நிழல் உங்கள் உயரம் இருக்கும், ஏனென்றால் சூரியன் சரியாக 45 டிகிரியில் நிற்கிறது. அப்பா தரையில் கோடு போட்டு, தன் நிழலை அடி வைத்து அளந்து பார்த்துச் சிரித்தார். ஜூன் 21-இல் இதே இடத்தில் நிழல் காலடிக்குள் போய்விடும். சென்னையில் இந்த வாரம் உச்சி வெயில் 55 டிகிரி உயரத்திலிருந்து விழுகிறது. டெல்லியில் 40 டிகிரிதான், அதுவும் பனி விட்டால்.

கட்சில் ஜனவரிப் பகல் 26, 27 டிகிரி. இரவு 10 வாக்கில். நலியா என்ற ஊர் குஜராத்திலேயே அதிகக் குளிர் என்று அடிக்கடி செய்தியில் வரும், அதுவும் இதே மாவட்டம்தான். பகலில் முதுகில் வெயில், முகத்தில் குளிர்ந்த வடகாற்று. இந்தச் சேர்மானம் வேறெங்கும் எனக்கு வாய்த்ததில்லை.

அந்தப் புல்வெளிக் கிராமங்களில் ‘புங்கா’ என்ற வட்ட மண்வீடுகள் இருக்கின்றன. தடித்த சுவர், சின்ன ஜன்னல், கூம்புக் கூரை. 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் புஜ்ஜின் கான்கிரீட் கட்டடங்கள் ஏராளமாகச் சரிந்தபோது இந்த வட்ட வீடுகளில் பலவும் நின்றன. உள்சுவரில் மண்ணைப் பிசைந்து கோலம்போல வைத்து, நடுநடுவே கண்ணாடித் துண்டுகள் பதிக்கிறார்கள். வாசல் வழியாக நுழையும் ஒரு கீற்று வெயில் அந்தக் கண்ணாடிகளில் பட்டு அறை முழுக்கப் பரவுகிறது. சின்ன ஜன்னல் வைத்தும் வீட்டுக்குள் வெளிச்சத்துக்குக் குறைவில்லை.

வெள்ளை ரண்ணுக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். மழைக்காலத்தில் கடலும் ஆறுகளும் சேர்ந்து மூடுகிற நிலம் இது. நீர் வற்ற வற்ற உப்புப் படிந்து, டிசம்பரிலிருந்து தரையெல்லாம் வெள்ளை. அந்த வருட மழையைப் பொறுத்து வற்றும் காலம் முன்னே பின்னே ஆகும், அதனால் விசாரித்துவிட்டு வாருங்கள். நடந்தால் காலடியில் நறநறவென்கிறது. கறுப்புக் கண்ணாடி கட்டாயம். வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை, தரையிலிருந்தும் எழும்பி வருகிறது. மோவாய்க்குக் கீழேகூடத் தோல் கறுக்கும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். குளிர்காற்றில் தாகம் தெரியாது, உதடு வெடித்த பிறகுதான் தெரியும்.

அப்பா ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். “கசப்பு இருக்கும்மா. நம்ம உப்பு மாதிரி இல்ல” என்றார். உப்பு விளைந்தபின் மிஞ்சும் கழிநீரை வடிக்காமல் அப்படியே காய்ந்த உப்பில் மெக்னீசியக் கசப்புத் தங்கிவிடும் என்பது அவர் தொழில் அறிவு.

ஜனவரி 14, புஜ்

உத்தராயண். குஜராத்தில் ஜனவரி 14 என்றால் எந்த வருடமும் பட்டம்தான். (நமக்குப் பொங்கல் சில வருடம் 14, சில வருடம் 15.) ஊரே மொட்டை மாடியில் இருக்கிறது. எள்ளுருண்டை, சிக்கி, ஊந்தியூ என்ற காய்கறிக் கலவை, பாட்டுச் சத்தம். வானம் தெளிவாகவும் காற்று நிதானமாகவும் இருக்கிற இந்த மாதம்தான் பட்டத்துக்கு ஏற்றது.

சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-லேயே நடந்துவிடுகிறது, ஆனால் விழா ஜனவரி நடுவில். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் 72 வருடத்துக்கு ஒரு நாள் வீதம் இரண்டும் விலகிக்கொண்டே வந்திருக்கின்றன. சுமார் 1,700 வருடத்துக்கு முன் இரண்டும் ஒரே நாளில் வந்திருக்கும்.

கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே போங்கள். பட்ட நூல் அறுக்கும். இங்கே ஸ்கூட்டரில் வளைந்த கம்பி ஒன்றை முன்னால் மாட்டி வைத்திருக்கிறார்கள், நூல் கழுத்துக்கு வராமல் தடுக்க.

தங்கியிருக்கிற வீட்டு அம்மாவிடம் கேட்டு, மாடியில் அடுப்பு வைத்துப் பால் பொங்கவிட்டோம். அவர்களும் சூரியனுக்குத்தான் கும்பிடுகிறார்கள், விளக்கிச் சொல்ல வேண்டியே இருக்கவில்லை.

ஜனவரி 16, சின்ன ரண், காராகோடா

அப்பாவுக்காகவே இந்த இடத்தைச் சேர்த்தேன். கட்சின் வெள்ளை ரண்ணைவிட இதுதான் எனக்கு மனதில் நிற்கிறது.

சின்ன ரண் ஒரு வெடித்த சேற்றுச் சமவெளி. கிட்டத்தட்ட 5,000 சதுர கிலோமீட்டர் காட்டுக்கழுதைச் சரணாலயம். காலையில் ஒரு கூட்டம் பார்த்தோம், வெயில் பட்ட பக்கம் செம்மண் நிறம், அடிவயிறு வெள்ளை. அவற்றைத் தாண்டிப் போனால் அகரியா மக்களின் உப்புப் பாத்திகள். மழைக்காலம் முடிந்து ரண் வற்றியதும் குடும்பத்தோடு வந்து குடிசை போட்டு, கோடை தொடக்கம் வரை இங்கேயே இருக்கிறார்கள். குடிநீர் லாரியில் வருகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரமில்லை.

கிணறு தோண்டி நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பாத்தியில் நிரப்புகிறார்கள். அப்பா தன் பையிலிருந்து பழைய பாமானியை எடுத்தார், உப்புநீரின் அடர்த்தியை டிகிரியில் அளக்கும் கருவி அது. எங்கே போனாலும் அதைக் கொண்டுபோகிறவர். அகரியா பாய் ஒருவர் (குஜராத்தியில் பாய் என்றால் அண்ணன்) முகம் மலர்ந்து, தன் குடிசையிலிருந்து அதே மாதிரி ஒன்றை எடுத்து வந்தார். இரண்டு பேருக்கும் பொதுமொழி இல்லை, டிரைவர் கொஞ்சம் இந்தியில் சொன்னார், நான் கொஞ்சம். கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி. இங்கே கிணற்றிலேயே அதைவிடப் பல மடங்கு உப்பு. 24, 25 டிகிரி வந்தால் உப்பு விளையும், அது தூத்துக்குடியிலும் அதே எண்தான், இங்கும் அதே எண்தான்.

வித்தியாசம் நேரத்தில். நம் ஊரில் ஜனவரியில்தான் பாத்தியை மிதித்துச் சீர்செய்யத் தொடங்குவார்கள், ஐப்பசி மழை வரை மறுபடி மறுபடி உப்பு வாருவார்கள். இங்கே பருவம் முழுக்க ஒரே விளைச்சல். தினமும் பலகையால் கிளறிக் கிளறி, படிகத்தைப் பெரிதாக வளர்த்து, மார்ச், ஏப்ரலில் அள்ளுகிறார்கள். அதற்கு வேண்டியது சீறும் வெயில் இல்லை, விடாமல் தினமும் அடிக்கிற நிதானமான வெயில். குளிர்காலத்தில் அதைத் தருகிற இடம் நாட்டில் இதுதான். இந்தியாவின் உப்பில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் குஜராத்தில் விளைகிறது, அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு.

முன்பெல்லாம் உவர்நீர் இறைக்க டீசல் எஞ்சின். கிடைக்கிற பணத்தில் பெரும்பகுதி டீசலுக்கே போய்விடும், வியாபாரியிடம் கடன் வாங்கித்தான் பருவமே தொடங்கும். இப்போது பாத்தி ஓரத்தில் சூரிய மின்தகடு. வெயில் தண்ணீரை இறைத்தும் தருகிறது, காய்ச்சியும் தருகிறது. ஆனால் உப்புக்குக் களத்தில் கிடைக்கிற விலை இன்னும் மிகக் குறைவு. அந்தப் பாயின் கால்களைப் பார்த்தேன். பாதம் வெள்ளையாக விறைத்து வெடித்திருந்தது. கண்களை இடுக்கியே பேசுகிறார், வருடக்கணக்கான வெள்ளைக் கூச்சம். அப்பாவின் உப்பளத்து ஆட்களுக்கும் இப்படித்தான். வெயில் தேடி வருகிற நாம் கடையில் உப்புப் பாக்கெட்டின் விலையில் ஒரு ரூபாய் ஏறினால் முணுமுணுக்கக் கூடாது. அந்த ரூபாய் இந்தக் கால்களுக்குப் போய்ச் சேரவும் வேண்டும், அதைக் கேட்கிற கடமையும் நமக்கு இருக்கிறது.

“மழை வருமா?” என்பதுதான் பாய் அப்பாவிடம் கடைசியாகக் கேட்டது. அப்பா வானத்தையும் காற்றையும் பார்த்து, “இந்த வாரம் வராது” என்று கையை ஆட்டினார்.

நாளை அகமதாபாத், அங்கிருந்து அப்பா நேரே ஊருக்கு. வர நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: கட்சும் சின்ன ரண்ணும் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. ரண் உத்சவக் கூட்டம் வேண்டாம் என்றால் பௌர்ணமியையும் வார இறுதியையும் விட்டு வாருங்கள். ஜெய்சல்மேர் போவதானால் வானிலை அறிக்கையில் மேற்கிலிருந்து சுழல் வருகிறதா என்று பார்த்து, அது கடந்த மறுநாள் போங்கள், வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும், குளிர் மட்டும் கூடுதலாக இருக்கும். மார்ச் பிறந்துவிட்டால் கிளம்ப வேண்டாம், அதற்கப்புறம் அந்த வெயில் உப்புக்கு மட்டும்தான்.